வெப்பமும் மரணமும்: வெப்ப அலைகளின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

பஞ்சம் பற்றிய ஆய்வுகள் கடந்த அரை நூற்றாண்டுக் காலத்திற் பெற்றுள்ள வளர்ச்சி குறிப்பிடத்தக்கது. மழை பொய்த்தமையாலும் விளைச்சல் குன்றியமையாலுமே பஞ்சம் தோன்றுகிறது என்னும் பழைய விளக்கம் இன்று போதியதாகக் கொள்ளப்படுவதில்லை. 1943ஆம் ஆண்டின் வங்காளப் பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென், உணவு இருந்ததா என்ற வினாவிலும் பார்க்க, அவ்வுணவைப் பெறும் உரிமை எவருக்கு இருந்தது என்ற வினாவே முதன்மையானது என்பதை 1981இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். இதன் பயனாகப் பஞ்சம் வானிலையின் வரலாற்றிலிருந்து சமூகத்தின் வரலாற்றுக்கு இடம்பெயர்ந்தது எனலாம்.

வெப்ப அலைகளைப் பொறுத்தவரையில் இத்தகைய நோக்கு மிகப் பிந்தியே உருவாயிற்று. இதற்குக் காரணம் உண்டு. வெள்ளமும் புயலும் வீடுகளைச் சிதைக்கின்றன. பாலங்களை அடித்துச் செல்கின்றன. கண்ணுக்குப் புலனாகும் அழிவை விட்டுச் செல்கின்றன. வெப்பமோ எதையும் இடிப்பதில்லை. அது மூடிய கதவுகளுக்குப் பின்னால், பெரும்பாலும் தனித்து வாழ்வோரைக் கொல்கிறது. இறந்தவரின் சான்றிதழில் இருதய நோய் என்றோ இயற்கை மரணம் என்றோ எழுதப்படுகிறது. ஆகவே வெப்பத்தால் இறந்தோர் வரலாற்றில் இருமுறை மறைகின்றனர்: முதலில் உயிரை இழக்கின்றனர், பின்னர் தம் மரணத்தின் காரணத்தையும் இழக்கின்றனர். இக்கட்டுரை சில குறிப்பிட்ட நிகழ்ச்சிகளை ஆதாரமாகக் கொண்டு, வெப்ப அலையில் யார் இறக்கின்றனர், அம்மரணம் எவ்வாறு பெயரிடப்படுகிறது என்னும் இரு வினாக்களை ஆராய முற்படுகின்றது.

1. உடலும் சூழலும்

மனித உடல் தனது உள்வெப்பநிலையை ஏறத்தாழ 37 பாகை செல்சியசில் வைத்திருக்க வேண்டும். வெளியே வெப்பம் கூடும்போது இருதயம் கூடுதலான குருதியைத் தோலுக்குச் செலுத்துகிறது. வியர்வை ஆவியாகி உடலைக் குளிர்விக்கிறது. காற்றில் ஈரப்பதன் மிகுந்தால் வியர்வை ஆவியாவது தடைப்படும். உள்வெப்பநிலை 40 பாகையைத் தாண்டும் நிலையில் மூளையும் ஏனைய உறுப்புகளும் பாதிக்கப்பட்டு, வெப்பத்தாக்கு என்னும் உயிராபத்தான நிலை தோன்றும். ஆயினும் வெப்ப அலைகளில் இறப்போருள் பெரும் பகுதியினர் இவ்வாறு நேரடியாக இறப்பதில்லை. ஏற்கெனவே நலிந்த இருதயமும் சிறுநீரகமும் சுவாசப்பையும் மேலதிகச் சுமையைத் தாங்கமாட்டாது செயலிழக்கின்றன. முதியோர், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், நாட்பட்ட நோயாளர், மனநோய்க்கான சில மருந்துகளை உட்கொள்வோர், வெயிலில் உழைப்போர் ஆகியோர் இதனாலேயே கூடிய ஆபத்துக்குள்ளாகின்றனர்.

இரவு வெப்பத்தின் பங்கும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. பகலில் சோர்ந்த உடல் இரவில் தணிய வேண்டும். கல்லும் தாரும் நிறைந்த நகரங்கள் பகலில் ஏற்ற வெப்பத்தை இரவில் வெளிவிடுவதனால் அத்தணிவு கிட்டுவதில்லை. எனவே மரண எண்ணிக்கை முதல் நாளைவிட இரண்டாம், மூன்றாம் நாள்களில் உயர்வதைக் காணலாம்.

இவை உடலியல் தரும் விளக்கங்கள். ஒரே நகரில், ஒரே வெயிலில், ஒரே வயதுடைய இருவருள் ஒருவர் இறக்க மற்றவர் பிழைப்பது ஏன் என்பதற்கு இவை மட்டும் விடையளிக்கமாட்டா. 1848இல் மேற் சைலீசியாவில் பரவிய தைபசுக் காய்ச்சலை ஆராயச் சென்ற ஜெர்மனிய மருத்துவர் ருடொல்ப் விர்ஹோ, நோய்க்குரிய மருந்தாகக் கல்வியையும் சுதந்திரத்தையும் பொருளாதார மேம்பாட்டையும் விதந்துரைத்தார். மருத்துவத்தைச் சமூக விஞ்ஞானமாகக் கண்ட அவரது நோக்கு வெப்ப மரணங்களுக்கும் பொருந்துவதே.

2. நியூயோர்க், 1896

1896 ஆகஸ்டில் நியூயோர்க் நகரை ஏறத்தாழப் பத்து நாள்கள் கடும் வெப்பம் பீடித்தது. அதனால் இறந்தோர் தொகை 1,300 அளவில் இருக்கலாமென வரலாற்றாசிரியர் எட்வேர்ட் கோன் மதிப்பிட்டுள்ளார். மரணங்கள் எங்கு மிகுந்தன என்பதே முக்கியமானது. ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளர் நெருக்கியடித்து வாழ்ந்த தொடர்மாடிக் குடியிருப்புகளின் உள்ளறைகளிற் பலவற்றுக்குச் சாளரமே இல்லை. காற்றுத் தேடிக் கூரைகளிலும் சாளர விளிம்புகளிலும் உறங்கியோர் தூக்கத்தில் உருண்டு விழுந்து மாண்டனர். பூங்காக்களில் இரவிற் படுத்துறங்குவது விதிகளால் தடை செய்யப்பட்டிருந்தது. அத்தடை தளர்த்தப்படுவதற்குள் பலர் இறந்துவிட்டனர்.

நாளொன்றுக்குப் பத்து மணிநேரமும் அதற்கு மேலும் உடலால் உழைத்த ஆண் தொழிலாளர் இறந்தோருள் பெருந்தொகையினராயிருந்தனர். அக்காலத்தில் நகரப் பொலிஸ் ஆணையாளர் சபைக்குத் தலைமை வகித்தவரும் பிற்காலத்தில் ஜனாதிபதியானவருமான தியடோர் ரூஸ்வெல்ற், வறியோருக்கு இலவசமாகப் பனிக்கட்டி வழங்குவதற்கு வழிசெய்தார். நகரின் பொதுவேலைத் தொழிலாளரின் வேலைநேரமும் மாற்றப்பட்டது. இந்நடவடிக்கைகள் தாமதமாக வந்தன, அளவிலும் சிறியன. எனினும் பனிக்கட்டி, நீர், ஓய்வு, காற்று ஆகியன உயிர்காக்கும் பொருள்கள் என்பதும், அவை சந்தையில் விலைகொடுத்து வாங்குவோருக்கு மட்டும் உரியனவாக இருக்க முடியாது என்பதும் அன்றே உணரப்பட்டன. ஒரு நூற்றாண்டின் பின்னர் அதே நாட்டின் மற்றொரு பெருநகர் இப்பாடத்தை மறந்திருந்தமையை அடுத்து நோக்கலாம்.

3. சிக்காகோ, 1995

1995 யூலை நடுப்பகுதியில் சிக்காகோவின் வெப்பநிலை 106 பாகை பரனைற்று வரை, அதாவது ஏறத்தாழ 41 பாகை செல்சியஸ் வரை, உயர்ந்தது. ஈரப்பதனும் மிகுந்திருந்தமையால் உடல் உணர்ந்த வெப்பம் இதனிலும் கூடியது. மின்தேவை பெருகிப் பல்லாயிரம் வீடுகளில் மின்தடை ஏற்பட்டது. வெக்கை தாங்காத மக்கள் தெருவோர நீர்க்குழாய்களைத் திறந்துவிட, சில பகுதிகளில் நீரமுக்கம் குன்றியது. வைத்தியசாலைகள் இருபதுக்கு மேற்பட்டவை புதிய நோயாளரை ஏற்க மறுத்தன. நகரின் பிரேத அறையில் இடமில்லாது போகவே, குளிரூட்டிய லொறிகள் வரிசையாக நிறுத்தப்பட்டு அவற்றிற் சடலங்கள் வைக்கப்பட்டன. யூலை 14 முதல் 20 வரையான ஒரு வாரத்தில், வழமையான மரணங்களுக்கு மேலதிகமாக 739 பேர் இறந்தனர் எனப் பின்னர் கணிக்கப்பட்டது.

இம்மரணங்கள் பற்றிய மருத்துவ ஆய்வொன்று 1996இல் வெளியாயிற்று. படுக்கையில் கிடந்தோர், வீட்டை விட்டு நாள்தோறும் வெளிச்செல்லாதோர், தனித்து வாழ்ந்தோர், கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தோர் ஆகியோருக்கு ஆபத்துக் கூடுதலாக இருந்ததை அது காட்டிற்று. வீட்டில் இயங்கும் குளிரூட்டி இருந்தோரும், போக்குவரத்து வசதியும் நண்பர் தொடர்பும் உடையோரும் பெரிதும் தப்பினர். சமூகவியலாளர் எரிக் கிளினன்பேர்க் இதிலிருந்து ஒருபடி மேலே சென்றார். தனிமனிதர் ஏன் தனித்திருந்தனர் என்று அவர் வினவினார். மருத்துவர் உடலை அறுத்து மரணகாரணம் தேடுவது போன்று, ஆய்வாளர் நகரத்தை அறுத்துக் காரணம் தேட வேண்டும் என்பது அவர் கருத்து. 2002இல் வெளிவந்த அவரது நூல் இவ்வாய்வைச் 'சமூகப் பிரேத பரிசோதனை' என்றே குறிப்பிட்டது.

அவர் ஒப்பிட்ட இரு அயற்பகுதிகளைச் சற்று விரிவாக நோக்குவது பயனுடையது. வடக்கு லோன்டேல், தெற்கு லோன்டேல் என்பன அடுத்தடுத்து அமைந்தவை. இரண்டிலும் வறுமை மிகுதி. தனித்து வாழும் முதியோரின் விகிதமும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் ஆபிரிக்க அமெரிக்கர் வாழ்ந்த வடக்கு லோன்டேலில் ஒரு லட்சம் பேருக்கு 40 பேர் இறக்க, இலத்தீன் அமெரிக்க வழியினர் பெரும்பான்மையினராக வாழ்ந்த தெற்கு லோன்டேலில் 4 பேரே இறந்தனர். வானிலை இவ்வேறுபாட்டை விளக்காது என்பது வெளிப்படை.

விளக்கம் அப்பகுதிகளின் பொருளாதார வரலாற்றிலேயே இருந்தது. வடக்கு லோன்டேல் ஒருகாலத்திற் பெரும் தொழிற்சாலைகளும் வணிக நிறுவனங்களும் சூழ்ந்த இடம். அவை ஒவ்வொன்றாக மூடப்பட்டன அல்லது வெளியேறின. 1960இல் ஏறத்தாழ 125,000 ஆக இருந்த சனத்தொகை 1990இல் 50,000க்குக் கீழே வீழ்ந்தது. கடைகள் மறைந்தன, வீடுகள் பாழடைந்தன, வெற்றுக் காணிகள் பெருகின. போதைப்பொருள் விற்போர் தெருமுனைகளைக் கைக்கொண்டனர். இத்தகைய தெருவில் இறங்க அஞ்சிய முதியோர் கதவையும் சாளரத்தையும் அடைத்து உள்ளே இருந்தனர். காற்றை விட அச்சமே அவர்களின் சாளரத்தை ஆண்டது. தெற்கு லோன்டேலிலோ புதிதாகக் குடியேறுவோர் வந்துகொண்டிருந்தமையாற் கடைத்தெரு உயிர்ப்புடன் இருந்தது. வெப்பத்திலிருந்து தப்ப முதியவர் ஒருவர் குளிரூட்டிய கடையொன்றுக்குள் அச்சமின்றிச் சென்று வரக்கூடியதாக இருந்தது.

இவ்வொப்பீடு விமர்சனத்துக்குட்படாமல் இருக்கவில்லை. ஒரு பகுதியின் பொதுத்தன்மையைக் கொண்டு அங்கு இறந்த தனிமனிதரின் மரணத்தை விளக்குவது முறையியல் தவறாகலாம் என மிற்சல் டுனியர் 2006இல் வாதிட்டார். இறந்தோரின் வாழ்க்கையைத் தனித்தனியே ஆராயாமல் முடிவுக்கு வரலாகாது என்னும் இவ்வெச்சரிக்கை ஏற்புடையதே. எனினும் நகரின் மரணங்கள் இன, வர்க்கப் பிரிவுகளைப் பின்பற்றியே பரவியிருந்தன என்னும் அடிப்படை உண்மையை அது மாற்றவில்லை. வயதை ஒத்துநோக்கிக் கணிக்கையில் ஆபிரிக்க அமெரிக்கரின் மரணவீதம் வெள்ளையரினதைப் போல் ஒன்றரை மடங்காக இருந்தது.

நியூயோர்க்கையும் சிக்காகோவையும் இணைத்து நோக்கும்போது ஒரு மாற்றம் புலனாகின்றது. 1896இல் மாண்டோருட் பலர் உழைப்பின் மிகுதியால் மாண்ட தொழிலாளர். 1995இல் மாண்டோரோ பெரும்பாலும் உழைப்பிலிருந்து விலக்கப்பட்டோர்: ஓய்வுபெற்ற முதியோர், நோயாளர், ஒற்றை அறை விடுதிகளில் ஒதுங்கியிருந்த தனியர். முதலாளித்துவம் உழைப்பைப் பயன்படுத்தும் முறை மாறியபோது, வெப்பம் கொல்லும் மனிதரும் மாறினர்.

4. எண்ணுதலின் அரசியல்

சிக்காகோ நிகழ்ச்சியின் இன்னொரு கூறு மரணங்களை எண்ணுவது பற்றிய சர்ச்சையாகும். சட்ட மருத்துவப் பொறுப்பாளராகிய எட்மண்ட் டொனகூ, இறந்தவரின் உடல் வெப்பநிலை, கண்டெடுக்கப்பட்ட அறையின் வெப்பம் முதலிய அளவுகோல்களைக் கொண்டு, நூற்றுக்கணக்கானோர் வெப்பத்தால் இறந்ததாக அறிவித்தார். நகரபிதா றிச்சட் டேலி இத்தொகையை ஐயுற்றார். கோடையில் இறப்போர் அனைவரையும் வெப்பத்தின் கணக்கிற் சேர்க்கலாமா என்பது அவரது வாதம். சமூகசேவைத் துறைக்குப் பொறுப்பான அதிகாரி, இறந்தோர் தம்மைத் தாமே கவனியாது விட்டமையே காரணம் என்னும் பொருள்படப் பேசினார். பின்னர் நடந்த ஆய்வுகள் டொனகூவின் கணக்கு மிகையன்று, குறைவே என்பதை உறுதிப்படுத்தின.

இச்சர்ச்சையின் உட்பொருள் தெளிவானது. ஒரு மரணம் 'இயற்கையானது' எனப்பட்டால் அதற்குப் பொறுப்பாளி எவருமில்லை. 'அசட்டையால் நேர்ந்தது' எனப்பட்டால் இறந்தவரே பொறுப்பாளி. 'தடுத்திருக்கக் கூடியது' எனப்பட்டால் மட்டுமே அரசும் சமூகமும் விடையிறுக்க வேண்டியவையாகின்றன. சிக்காகோ நகராட்சியிடம் வெப்ப அவசரகாலத் திட்டமொன்று இருந்தும் அது உரியவேளையில் இயக்கப்படவில்லை என்ற உண்மையை முதலிரு சொற்களும் மறைத்தன. இங்கிலாந்தின் தொழிலாளர் நிலை பற்றி 1845இல் எழுதிய எங்கெல்ஸ், மனிதர் உரிய காலத்துக்கு முன்னரே இறக்க நேரும் நிலைமைகளை அறிந்தும் அவற்றை நீடிக்கவிடுவதைச் 'சமூகக் கொலை' என்றார். கொலையாளி கண்ணுக்குப் புலனாகாமையால் அது இயற்கை மரணம் போலத் தோன்றும் என்பதும் அவர் சுட்டியதே.

மேலதிக மரணம் என்னும் கணிப்பு முறையின் சிறப்பு இங்குதான் உள்ளது. தனித்தனிச் சான்றிதழ்களில் எழுதப்பட்ட காரணத்தை அது நம்பியிருப்பதில்லை. அக்காலப்பகுதியில் வழமையாக எதிர்பார்க்கப்படும் மரணங்களையும் உண்மையில் நிகழ்ந்தவற்றையும் ஒப்பிட்டு வேறுபாட்டைக் காண்கிறது. பெயரற்றோராய் மறைந்தோர் தொகையாகவேனும் மீண்டு வருகின்றனர். ஆயினும் தொகை பெயராகாது. உரிமை கோர எவருமின்றிக் கிடந்த சடலங்களுள் வெப்பத்தால் இறந்த 41 பேருடையவை 1995 ஆகஸ்டில் நகருக்கு வெளியே ஒரே நெடுங்குழியிற் புதைக்கப்பட்டன.

5. பாரிஸ், 2003

எட்டு ஆண்டுகளின் பின்னர் இதே நிலை மேற்கு ஐரோப்பாவில் பேரளவில் ஏற்பட்டது. 2003 ஆகஸ்ட் 1 முதல் 20 வரை பிரான்சில் ஏறத்தாழ 15,000 மேலதிக மரணங்கள் நிகழ்ந்தன. அவ்வாண்டுக் கோடையில் ஐரோப்பா முழுவதிலும் இத்தொகை 70,000ஐ எட்டியது எனப் பிந்திய ஆய்வுகள் கூறின. பொதுச் சுகாதாரக் காப்புறுதியும் சிறந்த வைத்தியசாலைகளும் கொண்ட நாடொன்றில் இது நிகழ்ந்தமை பலரை வியப்பில் ஆழ்த்தியது.

ஆகஸ்ட் பிரான்சின் விடுமுறை மாதம். அமைச்சர்கள் தலைநகரில் இல்லை. வைத்தியசாலைகளில் படுக்கைகள் குறைக்கப்பட்டிருந்தன. முதியோர் இல்லங்களிற் பணியாளர் பற்றாக்குறை நிலவியது. அவசரசிகிச்சை மருத்துவர் பற்றிக் பெலூ ஆகஸ்ட் 10ஆந் திகதி பகிரங்கமாக எச்சரித்த பின்னரே நாடு விழித்தது. மறுநாள் சுகாதார அமைச்சர் தமது விடுமுறை இல்லத்திலிருந்து தொலைக்காட்சியில் தோன்றி நிலைமை கட்டுக்குள் இருப்பதாக உறுதியளித்தார். வாரம் ஒன்று கழிந்ததும் சுகாதாரப் பணிப்பாளர் நாயகம் பதவி விலகினார். பாரிசை அடுத்த ருன்ஜிஸ் சந்தையின் குளிரறை தற்காலிகப் பிரேத அறையாயிற்று.

இங்கும் குற்றச்சாட்டு அரசிடமிருந்து குடும்பங்களை நோக்கித் திருப்பப்பட்டது. பெற்றோரைத் தனியே விட்டு விடுமுறைக்குச் சென்ற பிள்ளைகளே காரணம் என்று பேசப்பட்டது. செப்டெம்பர் 3ஆந் திகதி, உரிமை கோரப்படாத 57 பேரின் உடல்கள் ஜனாதிபதி சிராக்கின் முன்னிலையில் தியே மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டன. இவ்வாறு கைவிடப்பட்டோரின் வாழ்க்கையைத் தேடிச் சென்ற வரலாற்றாசிரியர் றிச்சட் கெலர், 2015இல் வெளியான நூலில் வேறொரு சித்திரத்தைத் தந்தார். ஒரு காலத்தில் வேலைக்காரப் பெண்களுக்கென அமைக்கப்பட்ட, நாகத் தகட்டுக் கூரையின் கீழான சிற்றறைகளில் வாழ்ந்தோர் அவர்களுட் பலர். மின்னுயர்த்தி எட்டாத ஆறாம், ஏழாம் மாடிகளில் வறியோர் வாழ்ந்தனர். 19ஆம் நூற்றாண்டுப் பாரிசின் வர்க்க அமைப்பு கட்டடங்களின் மேல்தட்டில் அப்படியே எஞ்சியிருந்தது.

அரசு அடுத்த ஆண்டே 'ஒருமைப்பாட்டு நாள்' என ஒன்றைச் சட்டமாக்கியது. முதியோர் பராமரிப்புக்கு நிதி திரட்டும் பொருட்டுத் தொழிலாளர் ஆண்டில் ஒருநாள் மேலதிக ஊதியமின்றி உழைக்க வேண்டும் என்பதே அதன் சாரம். பேரிடரின் விலை எவரிடம் அறவிடப்பட்டது என்பது சிந்தனைக்குரியது. எனினும் 2004இல் நடைமுறைக்கு வந்த தேசிய வெப்ப அலைத் திட்டம் பயன் தந்தது. 2006 யூலையில் மீண்டும் கடும் வெப்பம் வந்தபோது ஏறத்தாழ 2,000 மேலதிக மரணங்கள் நிகழ்ந்தன. முன்னைய நிலை நீடித்திருந்தால் 6,000க்கு மேற்பட்டோர் இறந்திருப்பர் எனக் கணிக்கப்பட்டது. சிக்காகோவிலும் 1999 வெப்ப அலையின்போது நகராட்சி விரைந்து செயற்பட்டதனால் மரணங்கள் ஏறத்தாழ 110 ஆகக் குறைந்தன. தவிர்க்க முடியாதவை எனப்பட்ட மரணங்கள் தவிர்க்கக் கூடியவையே என்பதற்கு இவ்விரு நகரங்களின் பிந்திய வரலாறே சான்று.

6. எமது வெயில்

வெப்பநாடுகளின் மக்கள் வெயிலுக்குப் பழகியவர்கள், ஆகவே அவர்களுக்கு ஆபத்தில்லை என்னும் கருத்து இன்னும் நிலவுகின்றது. 2010 மே மாதத்தில் இந்தியாவின் அகமதாபாத்தில் வெப்பநிலை 46.8 பாகை செல்சியசை எட்டியபோது, அம்மாதத்தில் 1,344 மேலதிக மரணங்கள் நிகழ்ந்தன என்பதைப் பின்னர் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. பஞ்சாலைகள் மூடப்பட்டதனால் முறைசாராத் தொழில்களுக்குத் தள்ளப்பட்ட பெருந்தொகைத் தொழிலாளரைக் கொண்ட நகரம் அது. 2013இல் அந்நகராட்சி தென்னாசியாவின் முதலாவது வெப்பச் செயற்றிட்டத்தை ஏற்படுத்தியது. முன்னெச்சரிக்கை, குடிநீர் வழங்கல், சுகாதார ஊழியர் பயிற்சி என்பன அதன் கூறுகள். அங்குள்ள வைத்தியசாலை ஒன்றில் பச்சிளங் குழந்தைகளின் விடுதி மேல்மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு மாற்றப்பட்டதும் வெப்பத்தால் நோயுற்ற குழந்தைகளின் தொகை குறைந்தது. பெருஞ்செலவின்றியே உயிர்களைக் காக்கலாம் என்பதற்கு இது தக்க உதாரணம்.

இலங்கையில் பங்குனி, சித்திரை மாதங்களில் வளிமண்டலவியல் திணைக்களம் அண்மைக்காலமாக வெப்ப எச்சரிக்கைகளை வெளியிட்டு வருகின்றது. நிழலில் இருக்குமாறும் போதிய நீர் அருந்துமாறும் அவை அறிவுறுத்துகின்றன. நாட்கூலிக்கு வயலில் நிற்பவருக்கும், கட்டட வேலையில் சீமெந்து சுமப்பவருக்கும், வீதிக்குத் தார் ஊற்றுபவருக்கும் இவ்வறிவுரை எவ்வளவு பயன்படும்? நிழலில் இருந்தால் அன்றைய கூலி இல்லை. வேலைத்தலத்தில் மலசலகூட வசதியில்லாத பெண்கள் நீர் அருந்துவதையே குறைத்துக்கொள்கின்றனர். போரால் இடம்பெயர்ந்தோர் பல ஆண்டுகள் தகரக் கொட்டில்களில் வாழ்ந்தனர். தோட்டத் தொழிலாளரின் லயன் அறைகள் பல இன்றும் தகரக் கூரையின் கீழேயே உள்ளன. மண்சுவரும் ஓலைக்கூரையும் தந்த குளிர்மையை இழந்து, அதற்கீடாக வேறெதையும் பெறாதோர் இவர்கள்.

1970கள் முதலாக வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் செல்லும் எம்மவரையும் ஈண்டு மறத்தலாகாது. 1896இன் நியூயோர்க்கில் நாம் கண்ட தொழிலாளி இன்று அப்பாலைநிலங்களில் மீண்டும் தோன்றுகிறான். கோடையில் நண்பகல் வேலையைத் தடைசெய்யும் விதிகள் அங்கு உள்ளன. கட்டார் 2021இல் அத்தடையைக் காலை பத்து மணி முதல் பிற்பகல் மூன்றரை மணி வரை நீட்டியது. ஆயினும் பெட்டியில் திரும்பிவரும் இளைஞரின் மரணச் சான்றிதழ்களிற் பல, இருதயம் நின்றது என்றோ இயற்கைக் காரணம் என்றோ மட்டுமே கூறுகின்றன. எவரது மரணத்திலும் இறுதியில் இருதயம் நிற்கவே செய்யும். அது மரணத்தின் வரைவிலக்கணமேயன்றிக் காரணமன்று. இச்சொற்களால் குடும்பம் நட்டஈட்டை இழக்கிறது. சமூகம் உண்மையை இழக்கிறது.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளைத் தொகுக்கலாம். வெப்பம் அனைவர்க்கும் பொதுவாயினும் அதிலிருந்து தப்பும் வழிகள் பொதுவானவையல்ல. வீடு, வேலை, நீர், அச்சமற்ற தெரு, விசாரிக்க வரும் மனிதர் ஆகியவற்றின் பங்கீடே யார் பிழைப்பார் என்பதைப் பெரிதும் தீர்மானிக்கின்றது. தொழிற்சாலைகளும் நிலக்கரியும் எண்ணெயும் உலகின் வெப்பநிலையை உயர்த்தியிருப்பதால் இத்தகைய நாள்கள் பெருகிவருகின்றன. அவ்வளர்ச்சியின் பயனை மிகக் குறைவாகப் பெற்றோரே அதன் வெக்கையை மிகுதியாகத் தாங்குகின்றனர்.

எமது பல்கலைக்கழகங்களின் மருத்துவ, சமூக விஞ்ஞான, வரலாற்றுத் துறைகள் இணைந்து ஆற்றக்கூடிய பணி ஒன்றுண்டு. மாவட்டந்தோறும் வெப்ப மாதங்களின் மரணப் பதிவுகளை வானிலைப் பதிவுகளுடன் ஒப்பிட்டு, மேலதிக மரணங்களைக் கணித்தல் அதன் முதற்படி. இறந்தவர் எந்தக் கூரையின் கீழ் வாழ்ந்தார், என்ன தொழில் செய்தார், கடைசியாக அவரை யார் கண்டார் என்று விசாரித்தல் அடுத்த படி. எண்ணப்படாத மரணத்துக்குப் பரிகாரம் கோர முடியாது. அவற்றை எண்ணத் தொடங்குவதே, அவை இயற்கை மரணங்கள் அல்ல என்று கூறுவதன் தொடக்கமாகும்.